லிஃப்ட்காரர் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்

என் மகளைக் கட்டியவரை அவர் வேலை பார்க்கும் கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘அரைமணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. எங்கேயாவது லிஃப்ட் நடுவில் நின்றுபோய் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால் அரை மணி நேரத்துக்குள் போய் நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மற்றவர்கள் முக்கால் மணி நேரம் கழித்துப் போய்விட்டு, வழியில் நெரிசல் என்று சொல்வார்கள். இவர் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அரை மணியைத் தாண்டியதில்லை. பெயர் அப்படி வந்தது. அந்தப் பெயரை ஒரு கார் கெடுத்துவிட்டது என்று தெரிந்தவர்கள் எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். கார் கெடுக்கவில்லை. யார் கெடுத்தது என்று நான் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான ஆள். எவ்வளவு சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், லிஃப்டில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுப்பார். “தண்டவாளத்துல எண்ணெய் காஞ்சிருக்கு. போன மாசம் யாரும் வரல இங்க,” என்பார். சரியாகத்தான் இருக்கும். நான் இவருக்குப் பெண் கொடுத்தபோது என் அக்கா, “லிஃப்ட் துடைக்கிறவனுக்கா பொண்ணக் குடுக்கிற?” என்று நாலு பேர் நடுவில் கேட்டாள். அதை நான் மறக்கவில்லை. அவள் மறந்துவிட்டாள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

முழங்கால் தேய்ந்தபின் நான் இவர்களோடு வந்து இருக்கிறேன். வந்த மூன்றாம் நாள் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி முளைத்திருந்தது. நான் கேட்கவில்லை. சமையலறையில் நான் மேடையைப் பிடித்து நிற்கும்போது என் முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அதே உயரத்தில் அடித்திருக்கிறார். பெற்ற மகளுக்கு அது தோன்றவில்லை. அவள் மருந்துக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவள், அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் தோன்றவில்லை.

கார் வந்த கதை இது. ஒரு பல் டாக்டரின் கட்டடத்தில் லிஃப்ட் பார்க்கப் போனவர், அடித்தளத்தில் துணி போர்த்தி நின்ற ஒரு வண்டியைப் பார்த்திருக்கிறார். கரும்பச்சை நிறம். என் பேத்தியைவிட வயதில் மூத்தது. இரண்டே இருக்கை, இஞ்சின் முதுகுப் பக்கம், மூக்கு தரையை முகர்ந்துகொண்டு நிற்கும். டாக்டர் அதை விற்கத் தயாராக இருந்தார். நல்ல மனிதர், மறைக்கவில்லை. “இது ஞாயித்துக்கிழம வண்டிங்க. தினம் வேலைக்கு எடுத்துட்டுப் போற வண்டி இல்ல. பச்சைக் குழந்தை மாதிரி பாத்துக்கணும்,” என்று சொல்லி, ரிப்பேர் செய்த ரசீதெல்லாம் அடுக்கிய ஒரு தடித்த ஃபைலையும் காட்டினாராம். இவர் ஒரு நிமிஷம் அதில் உட்கார்ந்து பார்த்தார். அவ்வளவுதான், முடிந்துபோயிற்று.

வீட்டில் என் மகள் பிடித்துக்கொண்டாள். “வீட்ல நாலு பேரு. சீட்டு ரெண்டு. மீதி ரெண்டு பேரும் பின்னாடியே ஓடி வரணுமா?”

“ஒரு ஆசதான்,” என்றார் அவர்.

“ஆசைன்னா ஒரு சட்ட வாங்குங்க. ஒரு வாட்ச் வாங்குங்க. அந்த டாக்டரே வேணாம்னு தள்ளி விடறத நாம ஏன் தூக்கிட்டு வரணும்? தினம் ஓட்டத் தாங்காதுன்னு அவரே சொல்றாரு.”

“இருபத்திரெண்டு வருஷமா மேலயும் கீழயுமே போய்க்கிட்டு இருக்கேன்,” என்றார் அவர், தட்டைப் பார்த்துக்கொண்டே. “கொஞ்சம் நேராவும் போகலாம்னு பாத்தேன்.”

எனக்குப் பொறுக்கவில்லை. “வாங்கட்டும்,” என்றேன்.

“அம்மா, உனக்குக் காரப் பத்தி என்ன தெரியும்?”

“காரத் தெரியாது. அந்த மனுஷனத் தெரியும். இந்த வீட்ல தனக்குன்னு அவர் என்ன கேட்டிருக்காரு, சொல்லு பாப்போம். வாங்கலன்னா நான் சாப்பிட மாட்டேன்.”

“நீ சாப்பிடாம இருந்து நான் பாத்ததே இல்லையே,” என்றாள் மகள். பேத்தி சிரித்துவிட்டாள். இருந்தாலும் நான் விடவில்லை. அன்று மத்தியானம் உண்மையாகவே சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். சாயங்காலம் மகள் கடையிலிருந்து வந்து, “ரெண்டு பேரும் சேந்து என்னவோ பண்ணிக்கோங்க,” என்றாள். கார் வந்தது.

அவர்மேல் உள்ள பிரியத்தில்தான் அப்படிப் பேசினேன், அது பொய் இல்லை. ஆனால் படுத்திருந்தபோது என் கண்ணில் ஓடியது அவர் முகம் அல்ல. அக்கா வீட்டு வாசலில் நான் அந்தக் காரிலிருந்து இறங்குவதுதான் ஓடியது.

அந்த வண்டியை நாள்தோறும் ஓட்டுவது என்றால் என்ன என்று ஒரு மாதத்தில் எங்களுக்குத் தெரிந்தது. காலையில் பத்து நிமிஷம் நின்ற இடத்திலேயே உறுமவிட்டுச் சூடாக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலை அடைத்துக் காட்டுவார். வேகத்தடை வந்தால் நேராக ஏற முடியாது, அடிவயிறு உரசும். நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏற்றி இறக்க வேண்டும், பின்னால் வருகிறவன் ஹாரனிலேயே திட்டுவான். நெரிசலில் நின்றால் சூடேறும். விலை உயர்ந்த பெட்ரோல்தான் குடிக்கும், அது எல்லா பங்க்கிலும் கிடைக்காது. வேலைக்கான பையை மூக்குப் பக்கம் இருந்த சின்னப் பெட்டியில் திணித்தால் மூடி மூடாது, மூடினால் திறக்காது. என்னை ஏற்றி இறக்குவது தனி வேலை. முதலில் பின்பக்கத்தைப் போட வேண்டும், பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். இறங்கும்போது அவர் இரண்டு கையையும் பிடித்து, “ஒண்ணு, ரெண்டு, மூணு,” என்று சொல்லி இழுப்பார். கிணற்றிலிருந்து தூக்குகிற மாதிரி வெளியே வருவேன்.

இருந்தும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் வீங்கியது, அதைக்கூடச் சிரித்துக்கொண்டே தேய்த்துவிட்டுக்கொள்வார்.

அதைப் பழுது பார்க்க ஒரே ஒரு மெக்கானிக்தான் சம்மதித்தார். எந்த வண்டியின் மூடியைத் திறந்தாலும் “ஐயையோ” என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. அந்த ஐயையோவிடம் ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தேன்.

“இத தினம் ஓட்டலாமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க,” என்று கேட்டார் மாப்பிள்ளை.

“தினம் பாத்தா தினம் ஓட்டலாம் சார். பாக்க முடியலன்னா போர்த்தி வச்சிடுங்க. இப்பவே தண்ணி பம்ப் போற நிலைமையில இருக்கு. சாமான் கப்பல்ல வரணும், ஆறு வாரம் ஆகும். அதுவரைக்கும் தொடாதீங்க.”

இவர் தலையை ஆட்டினார். எனக்கு வேடிக்கையாக இருந்தது. இதே பேச்சைத்தான் இவர் கட்டடம் கட்டடமாகப் போய்ச் சங்கச் செயலாளர்களிடம் பேசுவார். மாசாமாசம் பாக்கணும் சார், சத்தம் வந்தா ஓட்டாதீங்க சார். அவர்கள், “ஓடுதில்ல, விடுங்க,” என்பார்கள். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் வந்து ஆற்றாமைப்படுவார்.

அப்படிப்பட்டவர் அந்த ஆறு வாரம் பொறுக்கவில்லை. ஓட்டினார்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். அந்தக் காரில் ஓட்டுகிறவருக்கு முன்னால் சின்னச் சின்ன விளக்குகள் உண்டு. அதில் ஒரு மூலையை ஸ்டீயரிங் மறைத்துக்கொள்ளும். குனிந்து எட்டிப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்கிற எனக்கு நன்றாகத் தெரியும். அந்த மூலையில் தண்ணீரில் குச்சி நட்டு வைத்த மாதிரி ஒரு படம் இருந்தது.

“அத்தை, இது செவப்பா எரிஞ்சா உடனே சொல்லுங்க. இஞ்சின் கொதிக்குதுன்னு அர்த்தம்,” என்று காட்டிக் கொடுத்தார்.

எனக்கு எழுத்துத் தெரியாது. பஸ் நம்பரைக்கூட வடிவத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். ஆனால் படம் தெரியும். படத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. மூன்று தடவை அந்த விளக்கு எரிந்தது, மூன்று தடவையும் நான் சொன்னேன். உடனே ஓரம் கட்டி, மூடியைத் திறந்து, பேட்டரி ஒயரைக் கழற்றி, துடைத்து, திரும்ப மாட்டுவார். விளக்கு அணைந்துவிடும்.

“லிஃப்ட்லயும் இதே கததான் அத்தை. போர்டுல பத்து கோளாறு காட்டினா எட்டு பொய். மெயின ஒரு தடவ அணைச்சுப் போட்டா ஓடிப்போயிடும்.”

நானும் நம்பினேன். அவருடைய தொழில் அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தது.

அன்று எனக்குக் கண் டாக்டரிடம் போகவேண்டிய நாள். அந்த வாரம் அவசர அழைப்பு இவர் முறை. கம்பெனி வேன் வாசலில் நின்றது.

“அத்தை, இன்னிக்கு வேன்ல போயிடலாம். என் டியூட்டி வாரம். பை அதுலதான் இருக்கு.”

“பை என்ன, வேன்லதான் வருவேன்னு அடம் பிடிக்குதா? தூக்கி இதுல போடுங்க மாப்பிள்ளை.”

“பம்ப் இன்னும் வரல.”

“போன வாரம் ஓட்டினப்ப மட்டும் வந்திருந்துச்சா? ஓடிச்சில்ல?”

ஓடிச்சில்ல. நானே சொன்னேன், என் வாயாலேயே.

எனக்கு அவர் ஒன்றை மறுத்துப் பேசியதே கிடையாது. பையைத் தூக்கி மாற்றினார். கண் டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது, மருந்துகூடப் போட வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பத்தரை மணிதான் ஆகியிருந்தது.

“அக்கா வீட்டுத் தெரு வழியாப் போங்க,” என்றேன்.

“சுத்து வழி அத்தை அது.”

“அஞ்சு நிமிஷ சுத்து. உங்க கார் நடக்கவா போகுது?”

சிரித்துக்கொண்டு திருப்பினார். அக்கா வீட்டுக்கு இன்னும் இரண்டு தெரு இருக்கும்போது அந்தக் குச்சிப் படம் சிவப்பாக எரிந்தது.

நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். சொன்னால் நிறுத்துவார், மூடியைத் திறப்பார், கையைக் கரியாக்கிக்கொள்வார், அப்புறம் வீட்டுக்கே போய்விடலாம் என்பார். இரண்டே தெரு. நான் முகத்தைத் திருப்பி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டேன்.

அக்கா சத்தம் கேட்டே வாசலுக்கு வந்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஆட்களும் வந்தார்கள்.

“இதென்னடி, மேல யாரோ உக்காந்து நசுங்கின மாதிரி இருக்கு?” என்றாள் அக்கா. “இதுக்குள்ள உன்ன எப்படித் திணிச்சாரு?”

“உன் மருமகன் ஜீப்பு சந்தைக்குப் போற வண்டி. இது பந்தயத்துக்குப் போற வண்டி,” என்றேன். மாப்பிள்ளை சாவியில் கை வைத்தார். “அணைக்காதீங்க மாப்பிள்ளை. ஓடட்டும். அக்கா கொஞ்சம் சத்தத்தக் கேக்கட்டும்.”

அவர் ஒரு தடவை அழுத்திக் காட்டினார். அக்காவின் முகம் மாறியது. அந்த மாற்றத்துக்குத்தான் இருபது வருஷம் காத்திருந்தேன். வந்த இடத்திலேயே பத்து நிமிஷம் கார் ஓடிக்கொண்டே நின்றது. விளக்கும் எரிந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் போன் வந்தது. “எந்தக் கட்டடம்? உள்ள எத்தன பேரு? ஒரே ஒருத்தங்களா? வயசானவங்களா?” என்று கேட்டார். “இருபது நிமிஷத்துல இருப்பேன்னு சொல்லுங்க.” அங்கிருந்து பதினைந்து நிமிஷ வழிதான்.

கிளம்பினோம். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கப் போனேன். இப்போது சொன்னால், அக்கா வீட்டுக்கு முன்னால் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று மூடிக்கொண்டேன். நாலு தெரு கூடும் பெரிய சந்திப்பில், நட்ட நடுவில், பின்னாலிருந்து குப்பென்று வெள்ளைப் புகை வந்தது. இஞ்சின் ஒரு முறை கனைத்துவிட்டு நின்றது.

அவர் சாவியைத் திருகினார், இறங்கினார், மூடியைத் திறந்தார், புகையில் கையைச் சுட்டுக்கொண்டார். சுற்றிலும் ஹாரன். வாடகைக் கார் பிடித்துப் போகலாம் என்று பார்த்தால் ஒரு கார்கூட நகரவில்லை. நாலு பக்கமும் அடைத்துக்கொண்டு நின்றது எங்கள் வண்டிதான். மூக்குப் பெட்டியின் மூடி பிடித்துக்கொண்டது. காலால் உதைத்துத் திறந்து பையை எடுத்தார்.

“அத்தை, உக்காந்திருங்க. ஐயையோக்கு போன் பண்ணிட்டேன். உள்ள ஒரு அம்மா மாட்டிக்கிட்டு இருக்காங்க,” என்று சொல்லிவிட்டு, இருபது கிலோ பையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வெயிலில் ஓடினார். ஐம்பது வயது மனிதர், ஒரு கால் வீங்கியவர். கார்களுக்கு நடுவே அவர் தலை போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னால் இறங்க முடியாது, இழுத்துவிட ஆள் இல்லை. போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். “வண்டிய நடுரோட்ல போட்டுட்டு யாரும்மா ஓடினது?” என்றார். ஒருவன், “டேய், பாட்டி ரேஸுக்கு வந்திருக்குடா,” என்று போனில் படம் பிடித்தான். கடைசியில் நாலு பேர் சேர்ந்து காரை என்னோடு சேர்த்து ஓரமாகத் தள்ளினார்கள். “கெட்டியாப் புடிச்சுக்கோ பாட்டி, இப்ப ஸ்பீடு எடுக்கும்,” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். நான் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து ஐயையோ வந்தார். மூடியைத் திறந்தார். அன்றைக்கு ஐயையோ என்று சொல்லவில்லை. 

“பாட்டிம்மா, வெளக்கு எரிஞ்சிருக்கணுமே?”

“எரிஞ்சுதாப்பா? நான் கவனிக்கல. கண்ணுக்கு மருந்து போட்டிருந்தாங்க, எல்லாம் மங்கலாத் தெரிஞ்சுது.”

எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். யோசிக்கக்கூட இல்லை.

“இதுக்கு முன்னாடி எரிஞ்சப்ப சார் என்ன பண்ணுவாரு?” என்றார். பேட்டரி ஒயர் கதையைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஒயரக் கழட்டினதுல அணையல பாட்டிம்மா. அவர் கழட்டித் தொடச்சி மாட்டற பத்து நிமிஷத்துல இஞ்சின் ஆறிச்சு. அதான் அணைஞ்சுது. அது ஒரு நாளும் பொய் சொல்லல.”

மாப்பிள்ளை உள்சட்டையோடு வீட்டுக்கு வந்தார். கம்பெனிச் சட்டையைக் காணவில்லை. “லேட்டாயிடுச்சு,” என்று மட்டும் சொன்னார். எவ்வளவு என்று மகள் கேட்டாள். “ரெண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் கம்மி,” என்றார். அங்கே கையால் பிரேக்கை விடுவித்து லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலை இருக்கிறது. பழகாதவர்கள் தொடக் கூடாது, அதனால் காவலாளியும் அண்டை வீட்டாரும் இவருக்காகவே காத்திருந்தார்கள்.

“டியூட்டி வாரத்துல எந்தப் பைத்தியமாவது அந்த வண்டிய எடுக்குமா?” என்று மகள் கத்தினாள்.

“நான்தான் ஆசப்பட்டு எடுத்தேன்.”

“அந்த வெளக்கப் பாக்கலையா?”

“எனக்கு மறைக்கும். அத்தைக்குக் கண்ணுல மருந்து போட்டிருந்தாங்களாம், ஐயையோ சொன்னாரு. நான்தான் குனிஞ்சு பாத்திருக்கணும்.”

நான் மேஜையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கிக்கொண்டே இருந்தேன். நாலு பேருக்கு வேண்டிய காயைப் போல் இரண்டு பங்கு நறுக்கிவிட்டேன்.

கட்டடத்துச் சங்கத்துக்காரர்கள் கம்பெனிக்குப் புகார் எழுதினார்கள். விசாரணைக்கு மூன்று வாரம் தவணை. அவசர அழைப்பு வேலையிலிருந்து அவரை எடுத்துவிடலாம் என்று பேச்சு. அது போனால் அவர் இருந்தும் இல்லாத மாதிரி. மாட்டிக்கொண்டவர்களின் கதவைத் திறப்பதுதான் அவருக்கு வேலை, மற்றதெல்லாம் எண்ணெய் போடுவது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு வாரம் வாயைத் திறக்கவில்லை. காலையில் எழுந்தால் இன்று சொல்லிவிடலாம் என்று இருக்கும். அவர், “அத்தை, டீ குடிச்சீங்களா?” என்று கேட்பார். அதோடு போய்விடும்.

அப்புறம் எனக்கு ஒரு யோசனை வந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்ட அந்த அம்மாவைப் பார்த்து, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னால் என்ன? அப்படிச் செய்தால் வீட்டில் நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் போனேன், நல்ல எண்ணத்தோடு போனேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாம் மாடி. லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏற எனக்குக் கால் வரவில்லை. படியில் ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன்.

அந்த அம்மா ஓய்வு பெற்ற டீச்சர், தனியாக இருக்கிறார். என் வயதுதான். கதவைத் திறந்ததும் நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து நாற்காலி போட்டார். யார் என்று சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் இறுகியது, இருந்தாலும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“அன்னிலேருந்து நான் கீழ இறங்கல,” என்றார். “லிஃப்ட்ல ஏறப் பயமா இருக்கு. படியில இறங்கினா திரும்ப ஏற முடியாது.”

“ரொம்ப இருட்டா இருந்துச்சா டீச்சர்?”

“இருட்டு பரவாயில்ல. வாட்ச்மேன் வெளியிலேருந்து கத்தினாரு. அரை மணியில ஆள் வந்துடும், அந்த ஆளுக்குப் பேரே அரைமணின்னு.”  “எனக்குச் சக்கரை இருக்கு. அடிக்கடி போகணும். அரை மணிதானேன்னு அடக்கிக்கிட்டேன். அப்புறம் இன்னொரு அரை மணி. முடியல.”

நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

“வெளிய மொத்தக் கட்டடமும் நிக்குது. நான் பாடம் சொல்லிக் குடுத்த பையன், இப்ப பெரிய ஆளு, அவனும் நிக்கிறான். கதவு ஒரு சாண் திறந்துச்சு. உங்க மருமகன் என்னப் பாத்தாரு, தரையப் பாத்தாரு. டப்புன்னு கதவ இழுத்து மூடிட்டாரு. கயிறு அறுந்தாலும் அறுந்துடும், ஒருத்தரும் இந்த மாடியில நிக்கக் கூடாதுன்னு கத்தி எல்லாரையும் கீழ அனுப்பினாரு. அப்புறம் திறந்து, முகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, தன் சட்டையக் கழட்டி நீட்டினாரு, இடுப்புல கட்டிக்க. நான் வீட்டுக்குள்ள வந்தப்புறம் அவரே தரையத் துடைச்சிருக்காரு. யாருக்கும் தெரியாது. சட்டையத் துவைச்சு வச்சிருக்கேன், கொண்டுபோங்க. புகார் நான் குடுக்கல. அவங்களா எழுதினது.”

என்னால் அதற்குமேல் முடியவில்லை. விளக்கைச் சொன்னேன். இரண்டு தெருவைச் சொன்னேன். அக்கா வீட்டு வாசலில் பத்து நிமிஷம் காரை ஓடவிட்டதைச் சொன்னேன். கண் மருந்துப் பொய்யையும் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று எங்கேயோ ஒரு மூலையில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

“இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?” என்றார்.

“மன்னிப்பு கேக்கலாம்னு.”

“நான் மன்னிச்சிட்டேன்னு வச்சிக்கோங்க. அவர் அங்க போய்க் கைகட்டி நிக்கப் போறாரு. அவருக்கு அது தெரியாதே. முதல்ல வீட்ல சொல்லுங்க,” என்று எழுந்து சட்டையைக் கொண்டுவந்தார். இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் சுற்றியிருந்தார்.

அன்று சாயங்காலம் மகளும் பேத்தியும் இருக்கும்போதே சொன்னேன். தனியாகச் சொன்னால் அவர் அதை மூடி வைத்துவிடுவார் என்று தெரியும். சட்டைப் பொட்டலத்தை மேஜையில் வைத்து, “மாப்பிள்ளை, அன்னிக்கு என் கண்ணுல மருந்தே போடல,” என்று ஆரம்பித்தேன்.

மகள்தான் முதலில் பேசினாள். “பெரியம்மாவுக்குக் காட்டவா? அம்மா, பெரியம்மாவுக்குக் காட்டவா?” அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். பேத்தி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“டீச்சரே சொன்னாங்களா, அன்னிக்கு நடந்தத?” என்றார்.

“சொன்னாங்க.”

“நான் இந்த வீட்லகூடச் சொல்லல,” என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“விசாரணைக்கு நான் வரேன். அவங்ககிட்ட நானே சொல்றேன்,” என்றேன்.

“வேணாம்.”

“நான் வருவேன்.”

“வரக் கூடாது,” என்றார். அவர் என்னை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. “ஓட்டினது நான். வெளக்கு பொய்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்.”

அதற்கும் நான் அடங்கவில்லை. விசாரணை நாளில் வேனில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் வந்து எட்டிப் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டு, சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டு, பஸ்ஸில் போனார். வேனுக்குள் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

அங்கே அவர் எல்லாவற்றையும் தன்மேல் போட்டுக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. பேட்டரி ஒயரைக்கூட மறைக்கவில்லை. மாசாமாசம் பார்க்கச் சொல்லி ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் நான், என் வண்டிக்கு அதைச் செய்யவில்லை என்றாராம். மாமியார் ஒருத்தி பக்கத்தில் இருந்தாள் என்பதே விசாரணைக் காகிதத்தில் இல்லை. அவசர அழைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது புதுக் கட்டடங்களில் லிஃப்ட் பொருத்தும் பிரிவில் இருக்கிறார். காலை ஒன்பதுக்குப் போய் சாயங்காலம் ஆறுக்கு வருகிற வேலை. அவசர போனை வேறொரு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். காரை ஐயையோ இழுத்துக்கொண்டு போனார், பம்ப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுகிற ஒருவருக்குக் கைமாற்றிவிட்டார். அந்த வண்டிமேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு பேரிடமும் அது ஒழுங்காகத்தான் சொன்னது. ஒருவர் பொய் என்று நினைத்தார், ஒருத்தி உண்மை என்று தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எட்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. கோபமாக இல்லை, என்ன பேசுவது என்று தெரியாதவர் மாதிரி இருந்தார். ஒன்பதாம் நாள், “அத்தை, அந்த ஜன்னல சாத்திடுங்க, மழ வருது,” என்றார். சாத்தினேன்.

முன்பெல்லாம் பாதிச் சாப்பாட்டில் அந்தப் போன் அடிக்கும். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடுவார், மூடி வைத்த தட்டு அப்படியே கிடக்கும். அந்தப் போனை நான் எத்தனையோ தடவை வைதிருக்கிறேன். இப்போது தினமும் சரியாக எட்டு மணிக்கு உட்காருகிறார். நிதானமாகச் சாப்பிடுகிறார். முழுத் தட்டையும் முடித்துவிட்டு, கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான்தான் பரிமாறுகிறேன். எதிரில் உட்கார முடியாமல், தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று சமையலறைக்குப் போய் நின்றுகொள்கிறேன்.